நனையாத கோப்பை

தங்கச்சி,

இடைவேளை முடிந்து பிள்ளைகள் கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கோப்பைகள், பள்ளிக்கூடச் சமையற் குசினிக்கு வெளியே பலகைத் தட்டில் வெயிலில் கிடக்கின்றன. என் வகுப்புக் கோப்பைகள் மட்டும் பத்தொன்பது. பதினெட்டில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒன்று காய்ந்து, மெல்லியதாகப் புழுதி படிந்து கிடக்கிறது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஆணியால் கீறிய ஒரு தும்பி. நீங்கள் கீறிக் கொடுத்த தும்பி. உங்கள் மகள் அபியின் கோப்பை.

இன்றோடு ஆறு நாளாக அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. உங்களுடைய முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு மூன்று நாள் வந்தாள், அதோடு நின்றுவிட்டாள். வகுப்பாசிரியை நான். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவளும் நான்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். நீங்கள் இல்லாத அந்த முற்றத்தில் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. அதுதான் உண்மை. பிள்ளைகளைப் படம் கீற விட்டுவிட்டு இப்போது உங்களுக்கு இதை எழுதுகிறேன். பாட நேரத்தில் கடிதம் எழுதுகிற ரீச்சர் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

நான்கு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைச் சமைக்க நீங்கள் வந்த முதல் மாதமே எங்களுக்குள் முறுகல் வந்தது நினைவிருக்கிறதா? காலை எட்டு மணிக்கு ஈரக்கையோடு என் வகுப்பு வாசலில் வந்து நிற்பீர்கள்.

“ரீச்சர், இண்டைக்கு எத்தினை?”

நான் வரவு இடாப்பைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லுவேன். நீங்கள் போய் அதற்கேற்ப அரிசியைச் சுண்டால் அளந்து உலையில் போடுவீர்கள். இவ்வளவுதான் எங்கள் பேச்சு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அடுத்த நாள் பாதி வகுப்பு வராது. தோட்டங்களில் கச்சான் கடலை பிடுங்கத் தொடங்கினால் கால்வாசி வராது. மழை பெய்தால் வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளைகள் வராது. இதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. படிப்பின் அருமை தெரியாத சனம் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் தேத்தண்ணி குடித்தபடி கதைப்போம். பேசியதும் மனம் ஆறிவிடும், பிறகு வேலையைப் பார்ப்போம்.

கம்சி என்று நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை. வாயைத் திறந்தால் மூடமாட்டாள், கணக்கில் கெட்டிக்காரி. அவள் திடீரென்று வராமல் விட்டாள். தாயைத் தெருவில் கண்டு கேட்டேன், காய்ச்சல் என்றா. அடுத்த கிழமையும் காய்ச்சல் என்றா. ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும், படிவம் நிரப்பவேண்டும். தாயைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் அதிபர் ஏசுவார். பாவம், புருசன் விட்டுவிட்டுப் போன பெண், அவவை ஏன் இன்னும் நோகடிக்கவேண்டும் என்று நினைத்தேன். கம்சியின் பெயருக்கு நேரே, வந்தாள் என்று அடையாளம் போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். இரக்கத்தில் போட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவம் நிரப்பப் பஞ்சிப்பட்ட என் சோம்பலும் அதில் பாதி என்று இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் இடைவேளைக்குப் பிறகு ஒரு கோப்பையோடு வந்தீர்கள். அடியில் அடையாளத்துக்கு மீன் கீறியிருந்தது.

“இது ஆற்றை கோப்பை ரீச்சர்?”

“கம்சியின்ரை.”

“அவள் இண்டைக்கு வந்தவளோ?”

இடாப்பு மேசையில் திறந்தபடி இருந்தது. “ஓம், வந்தவள்” என்றேன்.

“அப்ப ஏன் இது நனையேல்லை?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிடிபட்ட ஆளுக்கு வருகிற கோபம். “சமைக்க வந்தா சமையலைப் பாருங்கோ” என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. கோப்பையை மேசையில் வைத்தீர்கள்.

“ரண்டு கிழமையா உங்கட இடாப்பிலை வாற பிள்ளை என்ரை சோத்தைச் சாப்பிடேல்லை ரீச்சர். நீங்கள் இரக்கத்திலைதான் போட்டிருப்பீங்கள். ஆனா வந்தவள் எண்டு போட்டா, பிறகு அவளை ஆர் தேடுறது?”

பதினேழு வருடம் படிப்பித்தவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியிருக்கவில்லை. நான் மூடி மறைத்தது தாயின் மானத்தை அல்ல, அந்தப் பிள்ளையைத்தான்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மீன் கோப்பையில் சோறும் பருப்பும் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, சீலைத் துண்டால் கட்டிக்கொண்டு என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினீர்கள். நான் கூப்பிடவில்லை. நீங்களும் கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் குழிக்குக் குழி “மெல்ல ரீச்சர், பருப்பு ஊத்துப்படும்” என்றபடி வந்தீர்கள்.

கம்சி வாசலில் நின்றாள். மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், ரிபன். மணி இரண்டு.

“எங்கையடி வெளிக்கிட்டு நிக்கிறாய்?” என்று கேட்டீர்கள்.

“பள்ளிக்கூடத்துக்கு.”

“பள்ளிக்கூடம் விட்டிட்டுது பிள்ளை.”

“தெரியும் அன்ரி. அம்மா தோட்டத்துக்குப் போகேக்கை சொன்னவா, மாமி வந்தா தம்பியைக் குடுத்திட்டுப் போ எண்டு. மாமி வரேல்லை.”

“நேற்று?”

“நேற்றும் வரேல்லை.”

ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டு நின்றிருக்கிறாள் அந்தப் பிள்ளை. தாய் விடிய ஆறு மணிக்கே கூலிக்குப் போகிற உழவு இயந்திரத்தில் ஏறிவிடுவா. நான் அந்த முற்றத்தில் அழுதேன். நீங்கள் அழவில்லை. தம்பியை வாங்கி மடியில் இருத்தி இரண்டு பேருக்கும் சோறு தீத்திவிட்டு, “நாளைக்கு இவனையும் கூட்டிக்கொண்டு வா. குசினியிலை என்னோடை இருக்கட்டும்” என்றீர்கள்.

“அதிபர் விடமாட்டார்” என்று நான் முணுமுணுத்தேன்.

“அதிபருக்கும் நான்தானே சோறு போடுறனான். பாப்பம்.”

அடுத்த நாள் கம்சி வகுப்புக்குள் வந்தபோது நான் கேட்கப்போன கேள்வி உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் வைத்தே என்னைத் தடுத்தீர்கள். “வந்த அண்டைக்கு, ஏன் வரேல்லையெண்டு கேக்காதேங்கோ ரீச்சர். முதல்லை நாளைக்கும் வரட்டும்.” நான் கேட்கவில்லை. அவள் நாளைக்கும் வந்தாள்.

அதிபரும் நல்ல மனுசன்தான், கொஞ்சம் சத்தம் கூட. பெற்றார் கூட்டத்தில் அவர் வழக்கம்போல வராத பிள்ளைகளின் பெயரை வாசித்துத் தாய்மாரை எழுப்பி நிறுத்தப் போனார். பின் வரிசையில் இருந்து நீங்கள் எழும்பினீர்கள். “சேர், வராத பிள்ளையின்ரை தாயை இதிலை நிப்பாட்டிப் பேசினா, அடுத்த கூட்டத்துக்குத் தாயும் வரமாட்டா.” கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அந்தக் கூட்டத்தில்தான் முதல்முறையாகத் தாய்மார் உள்ளதைச் சொன்னார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குக் காலில் போடச் சப்பாத்து இல்லை. ஒருத்திக்குப் பாதையில் யானை. மூன்று பேருக்குக் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை. யானைப் பாதைப் பிள்ளைகளை இரண்டு தகப்பன்மார் முறை வைத்துக் கூட்டிவரத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சப்பாத்துகளைக் கழுவிக் கொண்டுவந்து குசினி மூலையில் வைத்தார்கள். உங்களோடு முறைக்கு ஒரு தாய் உதவிக்கு வந்து, சின்னதுகளையும் பார்த்துக்கொண்டா. உங்கள் அபியும் கம்சியின் தம்பியும் அந்தக் குசினியில் மூடியும் சட்டியும் தட்டி விளையாடியே வளர்ந்தார்கள். சத்தத்தில் என்னால் படிப்பிக்க முடியவில்லை என்று நான் எத்தனை தரம் சண்டைக்கு வந்திருப்பேன்!

பிறகு இந்த வருட மழைக்கு நீங்கள் வயலில் புல்லுப் பிடுங்கப் போனீர்கள். காய்ச்சல் என்றீர்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள் தங்கச்சி. எனக்கு உங்களில் இன்னும் கோபம்.

அபிக்கு இந்த ஆறு நாளும் வரவில்லை என்றே போட்டேன். முதல் நாள் பேனை ஓடவில்லை. தாயில்லாத பிள்ளை, இருக்கட்டும், வந்ததாகப் போடுவோம் என்று மனம் பழைய இடத்துக்கே போய் நின்றது. உங்களை நினைத்துத்தான் உள்ளதைப் போட்டேன். போட்டுவிட்டு, தேடிப் போகாமல் இருக்கிறேனே. அப்படியென்றால் போட்டும் என்ன பிரயோசனம்? மணி அடிக்கப் போகிறது. இதை இந்த இடத்தில் விட்டுவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு போகிறேன்.

மறுநாள். விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். குசினியில் கம்சியின் தாயிடம் சோறு வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஓம், உங்கள் இடத்தில் இப்போது அவதான் சமைக்கிறா. பருப்புக்கு உங்களை விட உப்புக் கூடப் போடுகிறா.

உங்கள் மனுசன் கதவு நிலையடியில் நின்றார். யன்னல் கம்பியில் மூன்று தும்புக் கயிறுகள் கட்டித் தொங்கின. பாதிவரை பின்னி இருந்தது. என்னைக் கண்டதும் அதை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அபி அவருக்குப் பின்னால், தலை விரித்தபடி நின்றாள்.

“குறை நினையாதேங்கோ ரீச்சர்” என்றார். “எனக்குத் தலை பின்னத் தெரியாது. நான் பின்னி விட்டா வகுப்புக்குப் போக முதலே அவிழுதாம். ரீச்சர் ஒழுங்காப் பின்னிக்கொண்டு வரச் சொன்னவா எண்டு பிள்ளை சொன்னவள். கயித்திலை பழகிறன். கை வந்த உடனை அனுப்புறன்.”

எனக்கு நினைவு வந்தது. மூன்றாம் நாள் காலை, பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றபோது. “என்ன தலை இது அபி? நாளைக்கு ஒழுங்காப் பின்னிக்கொண்டு வா.” எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுகிற வாய்ப்பழக்கம். சொன்னதை நான் அடுத்த நிமிடமே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. அந்த மனிதர் என்னில் குற்றம் சொல்லவில்லை, என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. உங்கள் வாய்தான் எனக்குள் இருந்து பேசியது.

“அபி, நாளைக்குத் தலை விரிச்சபடி வா. சீப்பை மட்டும் மறக்காமல் கொண்டு வா. குசினியிலை வைச்சுப் பின்னுவம்.” அவரைப் பார்த்தும் சொன்னேன். “நீங்களும் வாங்கோ. கயிறு வேற, தலைமயிர் வேற. பாத்துப் பழகுங்கோ.”

“பெட்டையள் சிரிப்பாளவை ரீச்சர்” என்றாள் அபி.

“நான் சொன்னது பிழை. அதை நான் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்.”

அவள் கோப்பையை வாங்கி, தூக்கி அடியில் இருந்த தும்பியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட இருந்தாள்.

இன்று காலை வரமாட்டாளோ என்று பள்ளிக்கூடப் படலை வாசலிலேயே நின்றேன். ஏழே கால். ஏழு இருபது. கடைசியில் தெருவில் அந்தப் பழைய சைக்கிள். அவர் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். முன் பாரில் வெள்ளைச் சட்டையோடு அபி, மயிர் காற்றில் பறக்க, கையில் சீப்பு. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. “வந்திட்டியோ, வா” என்றேன். குசினியில் உலை கொதிக்க, கம்சியின் தாய் அவளை முன்னால் இருத்திப் பின்னினா. உங்கள் மனுசன் குனிந்து நின்று அவவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பின்னலை அவர்தான் முடித்தார். கொஞ்சம் கோணல்தான். ரிபனைப் பார்த்தால் மாட்டுக்குக் கயிறு போட்ட முடிச்சு. ஆனால் அவிழவில்லை. பிரார்த்தனையில் நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், அபியிடம் அப்படிச் சொன்னது என் பிழை என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எட்டு மணிக்கு வாசலில் ஈரக்கையோடு கம்சியின் தாய் வந்து நின்றா.

“ரீச்சர், இண்டைக்கு எத்தினை?”

நான் இடாப்பைத் திறக்கவில்லை. நிமிர்ந்து, ஒவ்வொரு முகமாக எண்ணினேன். கோணல் பின்னலோடு இருந்த முகத்தையும் எண்ணினேன்.

“பத்தொன்பது.”

இப்போது இடைவேளை முடிந்துவிட்டது. கோப்பைகள் பலகையில் கிடக்கின்றன. நான் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். உங்கள் தும்பியில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது, தங்கச்சி.