பன்னிரண்டு தேயிலைப் பெட்டிகளில் மூக்காயி

அனுப்புபவர்:
அ. மரியநாயகி (கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள்),
ஐந்தாம் நம்பர் லயம், ஒன்பதாம் காம்பரா,
மேற்பிரிவு, ரோஸ்கிளென் தோட்டம், பொகவந்தலாவை.

பெறுபவர்:
பெரிய துரை அவர்கள்,
தோட்டக் காரியாலயம்,
ரோஸ்கிளென் தோட்டம், பொகவந்தலாவை.

விடயம்: தேயிலை ஸ்டோரில் பெட்டிக்குத் தோட்டத்து மார்க் அடித்துவந்த என் தம்பி மகன் இக்னேசியஸிடமிருந்து காரியாலயத்தார் எடுத்துப்போன நூற்று நாற்பத்தேழு சித்திரக்கதைத் தகடுகளை, வருகிற வெள்ளிக்கிழமை பழைய இரும்பு லொறியில் ஏற்றிவிடாமல் திருப்பித் தரக் கேட்பது.

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்புக்குப் போன அந்தப் பன்னிரண்டு தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்து மார்க்குக்குப் பதிலாகப் படம் விழுந்ததற்கு இக்னேசியஸ் காரணமில்லை, நான்தான் காரணம். விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை என்றும் அதனால்தான் உங்களுக்குக் கோபம் கூடி அவனை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள் என்றும் கிளாக்கர் ஐயா சொன்னார். அவன் பேசாமல் நின்றது திமிரினால் அல்ல, அத்தையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. ஆகையால் நானே எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளவும்.

1. நீங்கள் இந்தத் தோட்டத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இக்னேசியஸைப் பெட்டிக்கு மார்க் அடிக்கிறவன் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். பத்து வருடமாக அவன் சித்திரக்கதைப் புத்தகம் போடுகிறான். எழுபத்தொன்றில் முதல் புத்தகம், இதுவரை பதினெட்டு. கதை எழுதுவது, படம் போடுவது, அச்சடிப்பது, தைப்பது எல்லாம் அவனேதான். தலைக்கு மேலே முதலாளி யாரும் இல்லை. காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுத்து வேலைக்குப் போய் வந்த நேரம் போக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பகல் வெளிச்சத்தில் லயத்துக் காம்பரா அறை வாசலில் உட்கார்ந்து செய்கிற வேலை. தோட்டத்து நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுத்ததில்லை. ஸ்டோர்ச் சாமான் ஒரு ஆணிகூட எடுத்ததில்லை. தகரம் எல்லாம் கொட்டகலை மர்சூக் நானாவின் பலசரக்குக் கடையிலிருந்து வந்த காலி பிஸ்கட் டின். மை, விளக்குக் கரியும் மண்ணெண்ணெயும் கலந்து நான் இடித்துக் கொடுத்தது.

2. அவன் செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும், ஐயா. பெட்டியில் தோட்டத்துப் பெயரை அடிக்கத் தகட்டில் எழுத்து வெட்டியிருக்கிறதே, அதே மாதிரி தகட்டில் அவன் ஆளை வெட்டுகிறான், மலையை வெட்டுகிறான், மழையை வெட்டுகிறான். தகட்டைக் கடதாசியில் வைத்து மைப் புருசால் ஒத்தி எடுத்தால் ஆள் வந்து நிற்கும். முதல் நாள் பார்த்தபோது அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டேன். முகத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்து "ஏன்டா தம்பி, மூஞ்சி வெடிச்சிருக்கு?" என்று கேட்டேன். "முழுசா வெட்டுனா உள்ளுக்குள்ள இருக்கிறது கழண்டு விழுந்திரும் அத்தே. கண்ணு நிக்கணும்னா ஒரு ஒட்டு விடணும்" என்றான். அதற்குப் பிறகு லயத்தில் ஆட்களுடைய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கே ஒட்டு விட்டிருக்கிறது என்று தேடுகிறேன். சுழித்த எழுத்து வெட்டுவது சிரமம் என்பதால் பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டான். அந்த மூன்று வரிக்கு மூன்று ஞாயிறு யோசிப்பான்.

3. கதை எல்லாம் மூக்காயியைப் பற்றியது. மூக்காயி நம்மைப் போலக் கொழுந்து பறிக்கிற பொம்பளை. எலும்பும் தோலுமாக இருப்பாள். ஒருநாள் மலைப்பனி அவளைக் கூடையோடு தூக்கிவிடுகிறது. அதிலிருந்து பனி போகும் தோட்டத்துக்கெல்லாம் அவளும் போவாள், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு தோட்டத்தில் இறங்குவாள். கீழ்ப்பிரிவில் சில வீடுகளில் பனி இறங்கினால் வாசலில் வெறுங்கூடை வைக்கிறார்கள், அவள் வந்தால் இளைப்பாறட்டும் என்று. இல்லாத ஒருத்திக்காக! இருபது வருடம் நவநாள் செபம் சொல்கிற எனக்கே அதைப் பார்த்தால் உடம்பு புல்லரிக்கிறது.

4. கொட்டகலையில் மர்சூக் நானா தன் கடையில் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிடுவார். அவர் சம்சாரம் அசீசா, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும். "அக்கா, இங்க கூட்டம் நிக்கிறது சீனிக்கும் இல்ல, பருப்புக்கும் இல்ல. ஒங்க மருமகன்ட மூக்காயிக்குத்தான்" என்று நானாவே சொன்னார். இந்தியப் பிரஜாவுரிமைக் கடதாசி வந்து அங்கே கப்பலேறிப் போன சனங்கள் பெட்டிக்குள் துணியோடு அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோனார்கள். கோத்தகிரியிலிருந்து செல்லசாமி என்பவர் கடிதம் போட்டார், மூக்காயி எங்களோடு வந்தாளா, அங்கேயே நின்றுவிட்டாளா, படம் போட்டு அனுப்பு என்று. இக்னேசியஸ் அதற்காகவே பன்னிரண்டாவது புத்தகம் போட்டான். தலைமன்னார் இறங்குதுறைவரை மூக்காயி போகிறாள், அங்கே பனி இல்லை, அவளால் எழும்ப முடியவில்லை. அவ்வளவுதான் கதை. லயம் முழுக்க அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, ஐயா.

5. எழுபத்தேழில் கொழும்பிலிருந்து காரில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்தார். கலரில் அச்சடிக்கலாம், ஆனால் மூக்காயிக்குப் பட்டுச்சேலை கட்டிவிடு, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை வருகிற பக்கங்களை எடுத்துவிடு என்றார். இவன் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "பட்டுச்சேல கட்டிக்கிட்டு மல ஏறுனா செடிக்கொம்பு தொடையக் கிழிச்சிரும் சேர். அவளுக்கு இடுப்புல படங்குச் சாக்குதான் சரி" என்றான். பெரியவர் போய்விட்டார். நான் இரண்டு நாள் இவனைத் திட்டினேன். இப்போது திட்டமாட்டேன்.

6. இனி நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் முதலாந்தேதி தொழிலாளரான சூசையப்பர் திருநாள். அன்றைக்குக் கோவிலுக்கு அவரவர் தொழில் சாமானைக் கொண்டுபோய் மந்திரிப்பது எங்கள் வழக்கம். கவ்வாத்துக் கத்தி, கூடை, தச்சன் உளி எல்லாம் வரும். இக்னேசியஸ் காய்ச்சலில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்காக நான் போனேன். அவன் தகடுகள் அத்தனையையும் கட்டினேன். அவன் கைபட்டது எல்லாம் தொழில் சாமான்தானே என்று, ஸ்டோரில் அவனுக்குப் பதிலாக மார்க் அடித்த மாயாண்டி அண்ணனிடம் கேட்டு, தோட்டத்து மார்க் தகட்டையும் வாங்கிக்கொண்டேன். அதுதான் முதல் பிழை. பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்தார். மறுநாள் சனிக்கிழமை காலை, மார்க் தகடு என்று நினைத்து ஒன்றைத் துணியில் சுற்றி மாயாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். இக்னேசியஸ் தன் தகடுகளையும் மார்க் தகட்டின் அளவில்தான் வெட்டுவான். அது மார்க் தகடு அல்ல.

7. மாயாண்டி அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண் தெரியும். படம் என்று பார்த்துவிட்டும் ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். "தோட்டத்த அரசாங்கம் எடுத்ததுலருந்து ரெண்டு தடவ மார்க் மாத்திட்டாங்க தாயி. இப்ப புதுத் தொரவேற வந்திருக்காரு. அவரு மார்க் இதுதான் போலன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்திச்சு" என்றார். அவர்மேல் கோபப்படவேண்டாம், ஐயா. உங்கள்மேல் உள்ள மரியாதையில் செய்தது.

8. விழுந்த படம் கணக்கப்பிள்ளையைக் கேலி செய்கிறது என்றும், வேண்டுமென்றே கொழும்புவரை அனுப்பித் தோட்டத்து மானத்தை வாங்கினான் என்றும் சொல்லப்படுகிறது. அது ஒன்பதாவது புத்தகத்தில் ஐந்தாம் பக்கம். மூக்காயி கணக்கப்பிள்ளையைக் கொழுந்துத் தராசில் உட்காரவைத்து நிறுக்கிறாள். "ஒடம்பு ஈரமா இருக்குங்க, தண்ணிக்கு ரெண்டு ராத்தல் கழிச்சிக்கிறேன்" என்பாள். முப்பத்தாறு வருடம் என் கொழுந்தில் அப்படிக் கழித்திருக்கிறார்கள், நானும் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் அவர் இறங்கி அவளுடைய கூடையைத் தானே தூக்கிக்கொண்டு மலை ஏறுவார். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் பக்கத் தகடு உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும்.

9. அவன் கடதாசியில் வரைவதில்லை, நேரே தகரத்தில் வெட்டுகிறான். புத்தகங்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்துவிட்டன. மறுபடி அடிக்கத் தகடு வேண்டும். இரும்பு லொறியில் அவை போனால் பதினெட்டுக் கதையும் போகும், வெட்டி முடியாத பத்தொன்பதாவதின் மூன்று தகடுகளும் போகும். பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள், ஐயா. இன்னொரு தடவை வெட்ட அவன் கண்ணுக்கு ஆயுசு போதாது.

ஆகவே பெரிய மனது பண்ணி, தகடுகளை வெள்ளிக்கிழமைக்கு முன் அவனிடம் கொடுத்து, மறுபடி ஸ்டோர் வேலைக்கும் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தண்டனை எனக்குக் கொடுங்கள். கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு பெட்டியையும் துடைக்கச் சொன்னாலும் பஸ் ஏறுகிறேன். சூசையப்பர் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும்.

இடம்: பொகவந்தலாவை
திகதி: 19.05.1981

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
அ. மரியநாயகி

பி.கு.: கையெழுத்து வைத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது, எழுதாவிட்டால் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லவேண்டிவரும். அந்தச் சனிக்கிழமை நான் தகட்டைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பவில்லை. லொறியில் பெட்டி ஏற்றும்போது ஸ்டோர் வாசலில்தான் நின்றேன். பன்னிரண்டு மூக்காயியும் வரிசையாக நின்று அட்டன் ரோட்டில் இறங்கிப் போனதை, வளைவு மறைக்கும்வரை பார்த்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா.