தோண்ட யாரைக் கேட்டார்கள்

ஹட்டனில் நான் வேலை செய்யும் உடுப்புக் கடைக்குப் பக்கத்தில், நடைபாதையில் படங்கு விரித்து ஒருவர் பழைய புத்தகம் விற்கிறார். இன்று மதியம் அதில் நம்முடைய நாவல் கிடந்தது. அதே அட்டை: குதிரை, தொப்பிக்காரன், பின்னால் ஒரு மொட்டை மலை. ஆனால் முழுப் புத்தகம். அதன் முன் பாதியை நான் புரட்டிப் பார்த்தது இன்றைக்குத்தான்.

உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தது நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேர்தான். வாரத்தில் ஒரு நாள் டவுனிலிருந்து வந்து பாடம் நடத்திய சேரிடம் ஒரே பிரதி இருந்தது. "ரெண்டு பேரும் பாத்துப் படிங்க" என்று கொடுத்தார். நீ அன்றைக்கே உன் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரி நடுவில் ஒரே இழுப்பு இழுத்தாய். முன் பாதி உனக்கு, பின் பாதி எனக்கு. பரீட்சைக்கு முன்னால் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டே ஆளுக்கு ஆள் கதை சொன்னோம்.

அமெரிக்காவில் ஒரு குடும்பம். கண்ணுக்கெட்டிய தூரம் அவர்களுடைய மாட்டுப்பண்ணை. செத்துப்போன தகப்பன் எங்கோ தங்கத்தைப் புதைத்து வைத்திருக்கிறான். அதற்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்கிறார்கள். பெரிய வீடு என்று வந்ததுமே நாம் துரை பங்களாவை நினைத்துக்கொண்டோம். அதனால் கடைசிவரை அந்தக் குடும்பத்தின் பக்கம் சேரவே இல்லை. சேர் தலையில் கை வைத்தார்.

"இவங்கதாம்மா கதாநாயகர்கள். இவங்களுக்காக நீங்க கவலப்படணும்."

"தொரமாருக்காக நாங்க எதுக்கு சேர் கவலப்படணும்?" என்றாய் நீ. "அந்த மாட்டையெல்லாம் மேய்க்கிறவங்க எங்க படுக்கிறாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

பெரிய வீட்டுக்குப் பின்னால் நாம் குடியிருந்த மாதிரியே ஒரு லயம் இருப்பதாக நீதான் எனக்குச் சொன்னாய். தகரக் கூரை, ஒழுகுகிற காம்பரா, இருமிக்கொண்டே கிடக்கும் ஒரு மாட்டுக்காரன். இன்றைக்கு நடைபாதையில் குந்திக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். அப்படி ஒரு லயமே இல்லை. அடிப் பாவி, நீயே கட்டியிருக்கிறாய். சிரிப்பு வந்தது. புத்தகக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

என் பாதியில் அண்ணன் தம்பிகள் மலையையே கிளறிப் போடுவார்கள். அதைச் சொன்னபோது நீ சோப்புப் போடுவதை நிறுத்தினாய்.

"தோண்ட யாரைக் கேட்டாங்க?"

"யாரைக் கேக்கணும்? அவங்க காணிதானே."

"ஓ" என்றாய். "அவங்க காணி."

அந்த வாரம்தான் உன் அப்பா உங்கள் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டியிருந்தார். மேட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. மழைத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்துகொண்டிருந்தது. வேறு இடம் கொடுங்கள் என்று அவர் எத்தனையோ தடவை ஆபீசில் போய் நின்றார். ஒவ்வொரு தடவையும் "பாப்போம்" என்றார்கள். அதனால் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட அவரே மண்வெட்டியை எடுத்தார். மறுநாளே, ஆட்களை வேலை வாங்குகிற கண்டாக்கு வந்துவிட்டான்.

"யாரைக் கேட்டு வெட்டுன? தேயில வேரு வெளிய தெரியுது. மூடு."

"தண்ணி வீட்டுக்குள்ள வருதுங்கய்யா."

"வந்தா ஆபீசுல சொல்லு. தோட்டத்து மண்ணுல கை வைக்காத."

அப்பா மூடினார். நீ மேலே ஏறி நின்று மிதித்துச் சமப்படுத்தினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள தங்கம் இருக்குன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பானாடி?"

"சொல்லியிருந்தா அவனே தோண்டியிருப்பான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு அந்த மழை. வேலை நாள். மழையென்று பார்க்காமல் ஆட்களை மலைக்கு ஏற்றியிருந்தார்கள். உன் அப்பா அம்மாவும் மலையில். பரீட்சை லீவில் நீ மட்டும் காம்பராவில் உன் பாதியைப் படித்துக்கொண்டிருந்தாய். மேடு அப்படியே லயத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. கொழுந்தெடுக்கப் போயிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாய். "படிச்சா இந்த லயத்த விட்டுப் போயிரலாம்" என்றுதான் நம் எல்லோருக்கும் சொன்னார்கள்.

உன்னைத் தேட, மண் அள்ளுகிற பெக்கோ வந்தது. தேயிலையை வேரோடு அள்ளி அள்ளிப் போட்டது. அன்றைக்கு ஒருவனும் வேரைப் பற்றிப் பேசவில்லை. பெரிய ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், காணி தருவோம் என்றார்கள். உன் அப்பாவும் அம்மாவும் இன்னும் நாம் படித்த வகுப்பறையில்தான் சேலையைக் குறுக்கே கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நான் பரீட்சை எழுதினேன். சேர் சொன்ன மாதிரியே அந்தக் குடும்பத்துக்காகக் கவலைப்பட்டு எழுதினேன். பாஸ். அதை வைத்துக்கொண்டு சட்டை மடிக்கிறேன்.

லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் அவர்களைப் பார்க்கப் போகிறேன். உன் அம்மா தேத்தண்ணி தருவார். அப்பா வெளியே கூட்டிப்போய்க் கேட்பார்.

"பாப்பா, நீ படிச்ச புள்ள. சரியாச் சொல்லு. அந்தக் கான நான் மூடாம விட்டிருந்தா மண்ணு நின்னிருக்குமா?"

எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? நின்றிருக்கும் என்று சொன்னால் மனுஷன் அந்த இடத்திலேயே முடிந்துபோவார். மூடச் சொன்னது யார் என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. மூடிய கை தன்னுடையது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

"இல்ல மாமா. அந்த மேடு எப்படியும் வந்திருக்கும்."

"அப்பச் சரி" என்பார். அடுத்த முறை போனால் திரும்பவும் கேட்பார்.

அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்டாக்கை நானே குற்றமில்லை என்று விட்டுவிடுகிறேன். அதுவும் எனக்குத் தெரிகிறது. அவனை விடாமல் உன் அப்பாவைக் காப்பாற்ற ஒரு பதில் இருந்தால் நீ சொல்லியிருப்பாய். எனக்கு வரவில்லை.

வருகிற ஞாயிறும் போவேன். கேட்பார். இல்ல மாமா என்பேன்.