பவர் இல்லாத கண்ணாடி

நைனா,

போன வாரம் அக்கா போன் செய்தாள். "உன் பழைய கண்ணாடி இன்னும் கீதாடி? கீர்த்தனாவுக்கு ஆவும்" என்றாள். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாதமாகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாலே மூச்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அவளை அழைத்துப்போவதாகப் பேச்சு. அதற்கு எதற்குக் கண்ணாடி என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

உன் பூக்கடைப் பெட்டியைத் திறந்தேன். நீ போய் ஒரு வருஷமாகிறது, இன்னும் துளசி வாசம் அடிக்கிறது. நார்க்கண்டு, கத்தரிக்கோல், அவற்றுக்கு அடியில் அந்தப் பழுப்புக் கூடு, உள்ளே என் கண்ணாடி. போட்டுப் பார்த்தேன். எல்லாம் முன்னால் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரிந்தது. வெறும் கண்ணாடிதானே அது.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. வகுப்பில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கும், இனி மூச்சே வராது என்று தோன்றும். நீதான் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாய், அதை நான் மறுக்கவில்லை. ஊரில் ஊசி, கேளம்பாக்கத்தில் இசிஜி, அப்புறம் ரத்தம், ஸ்கேன். எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருந்தது, நான்தான் நன்றாக இல்லை. கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மா உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பேசவிட்டார். "பயமும் ஒரு நோய்தாம்மா. மருந்து இருக்கு, சரியாயிடும்" என்றார். அன்று நம் ஊர் திருவிடந்தை வரும்வரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது தடவை போனபோது அந்த அறை வாசலில் உன் கடைக்குப் பூ போடும் திருக்கழுக்குன்றத்துக்காரர் தன் மகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, நீ இங்க?"

"பாப்பாவுக்குக் கண்ணு பாக்க வந்தேன்" என்றாய் நீ, கொஞ்சமும் தயங்காமல்.

"நானும் அதுக்குத்தான் வந்துகிறேன்" என்றார் அவர்.

கண் பிரிவு வேறு கட்டடத்தில் இருந்தது. அவர் மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் கண் நன்றாகவே தெரிந்தது.

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டும் உனக்கு. திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நுழைந்து, "பவர்லாம் வேணாம், சும்மா கண்ணாடி போட்டுக் குடு" என்றாய். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றுகிற ஊர் நம்முடையது. அந்த மாலையை விற்றவன் நீ. எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன குறை என்று கடை வாசலில் நின்று பேசுவதைத் தினமும் கேட்டவன். "நாளைக்கு உனக்கும் ஒரு எடம் பாக்கணும்ல" என்றாய், பதிமூன்று வயதுப் பிள்ளையிடம்.

கண்ணாடியைப் பார்த்த டீச்சர் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். வகுப்பு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால். எதற்கு நான் நடுங்கினேனோ அங்கேயே கொண்டுபோய் உட்கார வைத்தது உன் கெட்டிக்காரத்தனம். அழுதுகொண்டு வந்து சொன்னேன். "கொஞ்ச நாளு பொறுத்துக்கோ" என்றாய், கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியும் மருந்து வேலை செய்தது. அடுத்த வருஷம் எழுந்து நின்று பாடம் படிக்கிற அளவுக்குத் தேறினேன். அப்போதுதான் அக்காவுக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை அமைந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் வேலை. அந்த மாதத்தோடு நாம் போவது நின்றது. "ஆஸ்பத்திரி நோட்டு எங்கியோ தொலஞ்சி பூட்ச்சு. அது இல்லாம பாக்க மாட்டாங்க" என்றாய். நான் நம்பினேன். மாத்திரை தீர்ந்துபோனது.

பத்தாவது பரீட்சையன்று பள்ளிக்கூடத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே மணி அடித்தது. கால் நகரவில்லை. நீ வந்து என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்காகவே உன்னைப் பெரிய மனசுக்காரன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் நோட்டு இருந்தது, நைனா. பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாக. கடைசிப் பக்கத்தில் டாக்டரம்மா உனக்குப் புரியட்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறார்: "தந்தை மட்டும் வந்தார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். குழந்தையைக் கட்டாயம் அழைத்து வரவும்." பரீட்சைக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

பாவம், நைனாவுக்கு என்ன தெரியும் என்றுதான் இத்தனை நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்து மாலை கட்டியிருக்கிறாய். இருபத்திரண்டு வயதில் நானே தனியாக பஸ் ஏறிப் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் போன வருஷங்கள் போனவைதான். செத்தவர்களோடு சண்டை போடக் கூடாது என்கிறாள் அக்கா. உயிரோடு இருந்தபோது நோட்டை மறைத்துவிட்டாயே, நான் வேறு எப்போது போடுவது?

அவளிடம் கண்ணாடி தரமுடியாது என்று சொன்னேன்.

"என் மாமியாரு கேட்டா இன்னாடி சொல்றது?"

"புள்ளைக்கு பயம் ஜாஸ்தியா கீது, மனசு டாக்டராண்ட காட்றோம்னு சொல்லு. நீ சொல்லலன்னா நான் வந்து சொல்றேன்."

பள்ளிக்கூடம் போகாமல் நம் வீட்டில் வந்து தங்கியிருக்கும் கீர்த்தனாவை நேற்று நான்தான் அழைத்துப்போனேன். மாமல்லபுரத்தில் பஸ் மாறும்போது உன் கடைக்குப் பக்கத்தில் தேங்காய் விற்கும் அம்மா ஏறினாள். "பாப்பாவ எங்க இட்டுனு போற?" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கேட்டாள். கீர்த்தனா என் முகத்தைப் பார்த்தாள்.

"மனசு டாக்டராண்ட, பெரிம்மா. ஸ்கூலுக்குப் போக பயப்படுது."

அந்த அம்மா கூடையைக் காலடியில் தள்ளிக்கொண்டு, "அப்டின்னா ஜன்னலாண்ட உக்கார வெய்யி. காத்து வரட்டும்" என்றாள்.

அவ்வளவுதான், நைனா. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. என் பழைய நோட்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கீர்த்தனாவுக்குப் புது நோட்டு போட்டுக் கொடுத்தார்கள். அக்காவிடம் கொடுக்கவில்லை, நானும் வைத்துக்கொள்ளவில்லை. அட்டையில் அவளையே பெயர் எழுதச் சொல்லி, அவள் கையில் கொடுத்துவிட்டேன்.