பின் கியரில் முன்னே போன படகு

மாப்பிள்ளை,

இன்று காலை புதுச்சத்திரத்துப் பட்டறைக்கு ஒரு லாரி வந்தது. பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் எல்லா வண்டிகளும் கரிவாயுவில் ஓட ஒரு அடுப்பைச் சுமந்துகொண்டு இருமித் திரிகின்றன. இதுவும் அப்படித்தான். வாசலில் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாக உள்ளே நுழைந்தது. பின் கியரின் ஊளை எனக்குப் புதிதில்லை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். ஆனால் டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொரிந்துகொண்டு, "சத்தம் மாறியிருக்குதுங்க, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க" என்றான். என் கையிலிருந்த ஸ்பானர் நழுவி என் கால்விரல் மேலேயே விழுந்தது. விரல் வீங்கி உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுத நேரம் கிடைத்தது.

மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினவன் கடிதம் எழுதுகிறானா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்குப் பின்னாலேயே குதித்தவன் நீ. பிழை இருந்தால் கண்டுபிடிக்கவா போகிறாய்?

உன்னை 'நீ' என்று எழுதுவதற்கே கை கொஞ்சம் தயங்கியது. உனக்கும் பாவாயிக்கும் கல்யாணம் ஆன அன்றைக்கு முகூர்த்தம் முடிகிற வரைக்கும் உன்னை 'டா' போட்ட வாய், தங்கை புருஷன் ஆனதும் 'வாங்க மாப்ள' என்றது. நீ பந்தலிலேயே நெளிந்தாய். "என்றா இது, பஸ்ஸுல வந்த சப் இன்ஸ்பெக்டரைக் கூப்புடற மாதிரி கூப்புடற" என்று காதைக் கடித்தாய். ஊருக்கு முன்னால் நீங்க, ஆற்றங்கரையில் நீ என்று அன்றைக்கு ஒப்பந்தம் போட்டோம். நான் இப்போது எழுதுவது ஆற்றங்கரை விஷயம். அதனால் நீ.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு நீ மோகனூர்ப் பரிசல் துறைக்குப் போனது நினைவிருக்கிறதா? துறையைக் குத்தகைக்கு எடுத்தவரை ஊர் முழுக்கப் பண்ணாடி என்றுதான் கூப்பிடும். நிலபுலன் உள்ள மனுஷர். பரிசல்காரர்களை ஒதுக்கிவிட்டு, எங்கோ ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் படகைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை ஓட்ட ஆள் வேண்டும். நீ போனாய். "ரோட்டுல போனா புழுதி, ஆத்துல போனா காத்து" என்றாய். எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான். அதைக் காட்டிக்கொள்ளாமல் உன்னைத் தண்ணி டிரைவர் என்று கேலி செய்தேன்.

அந்த வருஷப் பங்குனியில் ஆறு ஓடையாகிவிட்டது. படகு மணலில் தட்டி, என்ஜினைக் குளிர வைக்கத் தண்ணீர் இழுக்கிற குழாய் மணலை இழுத்தது. ஆள் நிறைய இருந்ததால் நீ நிறுத்தாமல் கரை சேர்த்தாய். கரை சேர்ந்தபோது என்ஜின் சேரவில்லை. உள்ளேயிருந்த கம்பி அதன் விலாவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. நான் வந்து பார்த்தபோது ஓட்டைக்குள் என் முஷ்டி போனது. "மாப்ள, இதுல குருவி கூடு கட்டலாம், வேற ஒண்ணுக்கும் ஆவாது" என்றேன். நீ சிரிக்கவில்லை. பண்ணாடி உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஆடி பொறக்கறதுக்குள்ள போட் ஓடோணும். ஓடலீன்னா பரிசலையே கூப்புட்டுக்கறேன். நீ வேற பொழப்பப் பாத்துக்கப்பா."

உனக்கு வேறு பிழைப்பு எது? சண்டை போட்டுவிட்டு வந்த ஆளை எந்த பஸ்காரனும் ஏற்றமாட்டான். அதனால்தான் ராசிபுரம் ரோட்டில் புளியமரத்தில் மோதிக் கிடந்த பஸ்ஸின் என்ஜினை நான் பேசி முடித்தேன். பஸ்ஸின் மூஞ்சி போயிருந்தது, என்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. கியர் பாக்ஸோடு கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றி, வைக்கோல் மெத்தை போட்டு, பிரசவத்துக்குப் போகிற பெண்ணை அழைத்துப் போவதுபோல் மோகனூர் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஒரு மாதம். வேலங்கட்டையை இழைத்துப் படகுக்குள் அதற்குப் படுக்கை போட்டோம். கொஞ்சம் சாய்ந்தாலும் படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு ஆடும் என்று நீ நூல் பிடித்துப் பார்த்துப் பார்த்து என் உயிரை எடுத்தாய். வெயிலில் இரண்டு பேர் முதுகும் உரிந்தது. பாவாயி கம்மங்கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் அதையே கட்டியிருக்கலாம்" என்று என்ஜினைக் காட்டிச் சொன்னாள்.

ஆனி கடைசியில் பூஜை. பண்ணாடி மாலையும் கையுமாகப் படகுக்குள் முன்முனையில் நின்றார். நீ எலுமிச்சம்பழத்தை நசுக்கினாய். நான் கைப்பிடியைச் சுற்றினேன். என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கரையில் ஒரே ஆரவாரம். நீ முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாய்.

படகு பின்னால் போனது. முன்னே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த பண்ணாடி மாலையோடு குப்புற விழுந்தார். படகு போய்ப் பரிசல் வரிசையை முட்டி, துணி துவைக்கிற கல்லில் சாய்ந்து நின்றது. பரிசல்காரர்களில் மூத்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க டிரைவரு, அக்கரைக்குப் போறதுக்குப் பதிலா ஊட்டுக்குப் போறீங்களாட்ட இருக்குது?"

படகின் பழைய என்ஜின் ஒரு பக்கம் சுற்றும், பஸ் என்ஜின் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீருக்குள் இருக்கிற விசிறி பழைய சுற்றுக்கு வார்த்தது. பஸ் பட்டறையில் வளர்ந்த எனக்கு இது எங்கே தெரியும்? சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வண்டி முன்னே போகும் என்பதோடு என் படிப்பு முடிந்தது. விசிறியைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். நீயும் நம்பினாய். இடுப்பளவு தண்ணீரில் நின்று அரை நாள் மாற்றி மாட்டினோம். அப்போதும் பின்னால்தான் போனது. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் மரை மாறாது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆடி பிறக்க ஐந்து நாள். நீ படகு ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் பின் கியரைப் போட்டுப் பார்த்தேன். படகு முன்னே போனது, மாப்பிள்ளை! ஊளையிட்டுக்கொண்டு, எருமை நடையில், ஆனால் முன்னே. நீ துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாய். நம் சட்டையெல்லாம் கிரீஸ். அந்த ஒரு நாளைப் போல நான் எந்த நாளிலும் பெருமைப்பட்டதில்லை.

பெருமைதான் கெடுத்தது. பின் கியர் என்பது வண்டியை வாசலிலிருந்து ரோட்டுக்கு இழுத்துவிட வைத்தது. பத்தடி, இருபதடிக்குத் தாங்கும். அதைக் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஆற்றின் குறுக்கே ஓட்டினால் பற்கள் தேயும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பித்தளை வார்க்கிற ஆளிடம் எதிர்ச்சுற்று விசிறிக்குச் சொல்லி வைத்தேன். ஆடி பிறந்து ஒரு வாரத்தில் ஆகிவிட்டது என்று லாரிக்காரன் சேதி சொன்னான். நான் போகவில்லை. அவசரம் என்ன என்று இருந்துவிட்டேன். பின் கியரில் முன்னே போகிற படகைப் பார்க்க நாமக்கல்லிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் கரையில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பண்ணாடி விழுந்த கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீட்டினேன். விசிறி வந்தால் அது மற்ற படகு மாதிரி ஒரு படகு. எனக்குக் கதை போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். ஆற்றில் புதுத்தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது.

"மச்சா, சத்தம் மாறியிருக்குது. நேத்து வரைக்கும் ஒரே ஊளை. இன்னைக்கு நடுநடுவுல விக்குது. காது வெச்சுக் கேளு."

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. அவர்கள் காதில் விழும்படி சொன்னேன்: "அழுதா அழுதுட்டுப் போவட்டும் மாப்ள. எந்தங்கச்சி கூட உங்க ஊட்டுக்கு அழுதுக்கிட்டுத்தான் வந்தா. இப்ப நல்லா ஓடலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பரிசல்காரர்கூடச் சிரித்தார். நீ என்னையே ஒரு நொடி பார்த்துவிட்டுப் படகுக்குப் போனாய்.

மூன்றாம் நாள் நான் சேலம் போனேன். உன் பேச்சு உள்ளே எங்கோ குத்திக்கொண்டிருந்ததால்தான் போனேன், இதை நீ நம்பவேண்டும். விசிறியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வழி முழுக்க, உன்னிடம் இதை எப்படிக் கொடுத்துக் கேலி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது பட்டறை ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். கையிலிருந்த சாக்கை வாங்கிக்கொண்டு என்னை மோகனூருக்குக் கூட்டிப்போனார்கள்.

நடந்ததைப் பரிசல்கார மூத்தவர்தான் சொன்னார். "நடு ஆத்துல கடகடன்னு கேட்டுச்சுங்க. அப்பறம் என்ஜின் ஓடுது, போட் நகரலை. தண்ணி இழுத்துக்கிட்டுப் போவுது. கீழ பாறை. உள்ள பொம்பளைங்க, கொழந்தைங்க. டிரைவரு கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டுக் குதிச்சுட்டாருங்க. திட்டு மேல இருக்கற மரத்துல சுத்தி முடிச்சும் போட்டுட்டாருங்க சாமி. போட் நின்னு போச்சு. நாங்க பரிசலைப் போட்டு ஆளுகளை எறக்கிக்கிட்டு இருக்கறப்ப, மேல இருந்து ஒரு அடிமரம் மெதந்து வந்து தண்ணியில நின்னவரை அடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு." யார் பிழைப்பை உன் படகு கெடுத்ததோ அவர்தான் மறுநாள் உன்னைத் தேடிக் கரை சேர்த்தார். படகில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

கியர் பாக்ஸை நான்தான் பிரித்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. பின் கியரில் நான்கு பற்கள் இல்லை. அடியில் எண்ணெயில் கிடந்தன. இரண்டின் முனை வழவழவென்று தேய்ந்திருந்தது. அவை இரண்டும் முன்பே உடைந்து, இரண்டு மூன்று நாள் உள்ளே உருண்டிருக்கின்றன. நீ விக்குது என்று சொன்னாயே, அது அவை இரண்டும்தான். காது வைத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

கியர் தேய்ந்து போச்சு என்று மட்டும் ஊரில் சொன்னேன். நீ சொன்னதையும் நான் சொன்னதையும் சொல்லவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள், கேலிப் பேச்சை யார் நினைவில் வைப்பார்கள்? பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் வாய் மட்டும் அடங்கவில்லை. பட்டறையில் நான் இருந்தால் சிரிப்புக்குக் குறைவில்லை என்று இன்னும் சொல்கிறார்கள்.

பாவாயி அடுத்த ஊட்டில்தான் இருக்கிறாள். எருமை இரண்டு வைத்திருக்கிறாள். அவள் உருக்குகிற நெய்க்கு ராசிபுரத்தில் தனிப் பேர். இன்று விரல் வீங்கி, நொண்டிக்கொண்டு அவளிடம் போனேன். அடுப்பில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, கால்ல என்ன?"

"ஸ்பானருக்கு எம்மேல ஆசை."

சிரித்தாள். சிரித்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ என்னைக் கூப்பிட்டது, சத்தம் மாறியது, காது வெச்சுக் கேளு என்றது, ஏழெட்டுப் பேர் முன்னால் அவளை இழுத்து நான் சொன்னது. கடைசியில் பல் இரண்டைப் பற்றியும் சொன்னேன். அவள் கரண்டியால் நுரையை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியுங்ணா" என்றாள். "அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்கு வந்து அவரே சொன்னாரு. உங்கண்ணன் என்ன சொன்னான் தெரியுமான்னு, உங்களாட்டமே கொரலை மாத்தி."

"நீ என்ன சொன்னே?"

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தாள்.

"சத்தத்தைப் பத்தி நானும் கேக்கலீங்ணா. விழுந்து விழுந்து சிரிச்சேன்."

பன்னிரண்டு வருஷமாக என்னிடம் அவள் இதைச் சொல்லவில்லை. நான் அவளிடம் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊட்டில் இருந்துகொண்டு, நான் கேலி செய்ய அவள் சிரிக்க, இரண்டு பேரும் இதே ஒரு பேச்சைத் தனித்தனியாக மூடி வைத்திருக்கிறோம்.

நான் கேட்டேன்: "மாப்ளையும் சிரிச்சாரா?"

"சிரிச்சாருங்ணா" என்றாள்.

சிரித்தாயாம். ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் மாப்பிள்ளை. மனசாரச் சிரிக்கிறவன் யார், வேறு வழியில்லாமல் சிரிக்கிறவன் யார் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நீ அன்றைக்குச் சிரித்தது எந்தச் சிரிப்பு என்று பாவாயியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை.