துணிக்குப் பின்னால் நின்று பார்த்த மோட்டார்

சித்தூர்
மன்மத வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு,

ஆசீர்வாதம். காணிப்பாக்கம் பிள்ளையார் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். ஜாம்ஷெட்பூரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் கையெழுத்து நேராக இருந்ததிலிருந்தே தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதம் எனக்கு வந்ததல்ல, புத்தூரில் நம் சம்பந்தி வெங்கடசாமிக்கு நீ எழுதியது. அதை அவர் தம்முடைய கடலை மில் வாசலில் நின்று, கூலியாட்கள் கேட்கும்படி எனக்கே வாசித்துக் காட்டினார். நைனாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தங்கையைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று பெற்றவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நான் இதைக் கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதி எனக்குப் பழக்கமில்லை, அதனால் வரிசையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

உன் தங்கை மங்கை பொங்கல் கழிந்த நாளிலிருந்து நம் வீட்டில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது பாதிதான் தெரியும். மில்லுக்குப் பின்னால் கடலைத் தோல் கொட்டி வைக்கும் கொட்டகையை இந்த மார்கழியில் காலி செய்தார்கள். தோலுக்கு அடியில் ஒரு பழைய மோட்டார் இருந்தது. வெங்கடசாமியின் தகப்பனார் ஏதோ ஒரு ஜமீன் ஏலத்தில் எடுத்துப் போட்டு மறந்ததாம். அது அந்த மோட்டார் படத்தில் ஓடிய வண்டி என்று ஊரே சொல்லத் தொடங்கியது. நீ தொட்டிலில் இருந்தபோது வந்த ஊமைப்படம் அது. அதன் நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை, ஜில்லா முழுவதும் மோட்டார் படம் என்றுதான் சொல்வார்கள். திருப்பதி அடிவாரத்திலும் சந்திரகிரி ரோட்டிலும் பிடித்த படமாகையால், ஜனங்கள் தங்கள் ஊரைப் பார்க்கவே திரும்பத் திரும்ப வந்தார்கள். படச்சுருள் இப்போது எங்கும் இல்லை, வண்டியின் போட்டோ ஒன்றுகூட அகப்படவில்லை. திருப்பதியில் புதிதாக டாக்கீஸ் கட்டும் திருவேங்கடம் என்பவர் வண்டியைத் தம் கொட்டகை வாசலில் நிறுத்தக் கேட்டார். அவர் ஜாக்கிரதையான மனிதர், படத்தை நன்றாகப் பார்த்த ஒருவர் வந்து இதுதான் என்று சொன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெங்கடசாமி சிரித்துக்கொண்டு, படத்துக்கு வாய் கொடுத்தவரே எங்க சம்பந்திதான், வேற சாட்சி எதுக்கு என்றாராம்.

அது உண்மைதான். வாத்தியார் வேலை கிடைப்பதற்கு முன், சித்தூர்க் கூடாரக் கொட்டகையில் ஊமைப்படங்களுக்கு நடுவே வரும் எழுத்துக்களைத் தகரக் குழலில் முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும் நான்தான் வாசிப்பேன். முதலாளி என்னைத் திரைக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்து நிற்கச் சொன்னார். அத்தனை முகங்களைப் பார்த்தால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் கெஞ்சிக் கேட்டுத் திரைத் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். துணி விறைப்பாக நிற்க நீர் தெளிப்பார்கள், நனைந்த துணியில் படம் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். மோட்டார் படத்தை அப்படி நான் பார்த்ததுபோல இந்த ஜில்லாவில் வேறு எவரும் பார்த்திருக்க முடியாது.

என் நினைவை நான் என்றும் நம்பியதில்லை. ஆகையால் புத்தூருக்குப் போய் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, பார்த்த பிறகு மனம் வளைந்துகொடுக்கக் கூடாதென்று, மூன்று அடையாளங்களைத் தீர்மானம் செய்துகொண்டேன். அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். ரப்பர்ப் பந்து வைத்த ஊதுகுழல் இடது கதவுக்கு வெளியே. சந்திரகிரி ரோட்டில் கல்லில் இடித்த பள்ளம் முன்புறத்து இடது மட்கார்டில். போய்ப் பார்த்தால் ஸ்டியரிங், ஊதுகுழல், பள்ளம் மூன்றும் இருந்தன. மூன்றும் வலது பக்கம் இருந்தன. நான் இரண்டு தடவை சுற்றி வந்தேன். கேள்விப்பட்ட எவனோ ஜோடித்திருக்கிறான், கேட்டதில் பக்கத்தை மட்டும் தவறவிட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. அதைத் தோன்றியபடியே திருவேங்கடத்தின் எதிரில் சொல்லிவிட்டேன். வெங்கடசாமி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, இன்னா சம்பந்தி, நானு கடலைத் தோலுக்குள்ள குந்திகினு ராத்திரியெல்லாம் போலி மோட்டாரு செஞ்சேன்றீங்களா என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். ஆனால் சொன்னதற்கு அதுதானே அர்த்தம். வண்டிக்கு ஏற்கெனவே மாலை போட்டு, தேங்காய் உடைத்து, புத்தூர்த் தெருவில் காளை பூட்டி ஊர்வலம் இழுத்திருந்தார்கள். ஆட்கள் எதிரில் அவர் முகம் கறுத்துப்போயிற்று.

மறுநாள் மங்கை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. பொய் சொல்லும் வீட்டில் உங்கள் பெண் எதற்கு, நிஜம் பேசுகிறவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மாமனார் சொல்லியனுப்பியதாகச் சொன்னாள். மாப்பிள்ளை முனிகிருஷ்ணன் பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தாராம், அவ்வளவுதான். உன் அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோறு போடும்போது தட்டை வைக்கும் சத்தமே வேறு. வண்டி அசலா இருந்தா இன்னா, போலியா இருந்தா இன்னா, ஆமான்னு ஒரு வார்த்தெ சொல்லிட்டு வந்திருந்தா உங்க நாக்கு தேஞ்சா பூடும் என்று கேட்டாள். இதற்கு நடுவில்தான் நீ யாரையும் கேட்காமல் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறாய்.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி. போன வாரம் மார்க்கெட் தெருவில் எல்லைக்காக ஊர்வலம் வந்தது. சித்தூர் மதராஸோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம், நடுவில் போலீஸ். நான் ஜவுளிக்கடைச் சந்துக்குள் ஒதுங்கினேன். சந்தின் வாயை மறைத்தபடி, இரண்டு மூங்கிலில் கட்டிய துணியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். மேற்கு வெயில் துணியில் பட்டு எழுத்துக்கள் என் பக்கம் தெரிந்தன. எல்லைத் தமிழரைப் பிரிக்காதே என்று வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான், எழுத்து அத்தனையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருப்பதைக் கவனித்தேன். பக்கத்தில் ஒதுங்கி நின்ற கடைக்காரருக்கு அது என்னவென்றே புரியவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தடங்கலில்லாமல் வாசிக்க வந்தது என்று யோசித்தேன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு இரவும் துணிக்குப் பின்னால் திரும்பிய எழுத்தை வாசித்துப் பழகியவன் நான். எழுத்து திரும்பியிருப்பது தெரிந்தது, அதோடு வண்டியும் திரும்பியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணாடியைக் காட்டி இடவல மாற்றம் பாடம் நடத்தியவனும் நானேதான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், அந்தப் படத்தில் டிரைவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று கேட்டேன். பொம்பளைங்க பக்கந்தான், வண்டி எதிருக்க வரசொல்லோ எங்க மேலயே ஏறிடுவான் போல குந்திகினு இருந்தான், தட்டிக்கு அந்தாண்ட இருந்த ஆம்பளைங்க சிரிச்சாங்க என்றாள். அந்தக் கூடாரத்தில் தட்டி கட்டிப் பெண்களைத் திரையைப் பார்த்தபடி இடப்புறமாக உட்கார வைப்பார்கள். எதிரே வரும் வண்டியில் டிரைவர் நம் இடப்புறம் தெரிந்தால் ஸ்டியரிங் வலது பக்கம். கணக்குச் சரியாகிவிட்டது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க எப்ப கேட்டீங்கோ என்றாள்.

திருவேங்கடத்துக்கு ஒரு கார்டு போட்டு வரச்சொல்லிவிட்டுப் புத்தூருக்குப் போனேன். வண்டி அசல், நான் பார்த்த பக்கம்தான் தவறு என்று சொன்னேன். அப்போதுதான் வெங்கடசாமி உன் கடிதத்தை எடுத்து வந்தார். வாசித்து முடித்துவிட்டு, கேட்டீங்களா வாத்தியாரே, உங்க புள்ளயே உங்களுக்கு மறை கழண்டுபோச்சுன்றான், அன்னிக்கு இல்லென்னதும் நீங்கதான், இன்னிக்கு ஆமான்றதும் நீங்கதான், பொண்ணு வூட்டுக்கு வந்து குந்தினதும் வண்டி தன்னால திரும்பிக்கிச்சா என்றார். சம்பந்தி என்று அவர் கூப்பிடவில்லை என்பதைக் கவனி. ஆட்களில் ஒருவன், எல்லைக்கோடு எந்தாண்ட போடறதுன்னு இவர கேக்காம வுட்டாங்களே என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எனக்கு வெங்கடசாமியின் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. நான் உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் என் வாயை முன்கூட்டியே அடைத்துவைத்தவன் நீ. மகளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தால் அதில் நியாயம் உண்டு, நானே பார்த்துக்கொண்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

திரும்பி வந்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது. திருவேங்கடம்தான், மாஸ்டாருகாரு, தூரத்திலிருந்து வந்திருக்கேன், ருஜுவு இருந்தா காட்டுங்க, இல்லேன்னா நானும் பஸ்ஸை பிடிக்கணும் என்றார். மாற்று வேஷ்டி பையில் இருந்தது. வண்டியை வெயிலுக்கு முதுகு காட்டி முற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். வண்டியின் முகத்துக்கு எதிரே வேஷ்டியை ஒற்றையாகப் பிரித்துக் கட்டி நீர் தெளித்தேன். அவசரத்தில் என் மேலேயே பாதி கொட்டிக்கொண்டேன். வண்டியின் நிழல் துணியில் விழுந்தது, ஊதுகுழல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு தெரிந்தது. ஆட்களில் பாதிப் பேரை வண்டிப் பக்கமும் பாதிப் பேரைத் துணிக்கு அந்தப் பக்கமும் நிற்கவைத்து, துணியைப் பார்த்துக்கொண்டு, குழல் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கிய கையை இறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வேஷ்டியை அவிழ்த்தேன். வண்டிப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் வலது கையைத் தூக்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் இடது கை. ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். டேய், இன்னாடா சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாத கும்பலு என்று ஒருவன் சொல்ல, மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை என்னைப் பார்த்து அல்ல.

திருவேங்கடம் வண்டியைச் சுற்றி வந்து, அன்னிக்கு நீங்க சொன்ன மூணு அடையாளத்துல ஒண்ணு மாறி ரெண்டு சரியா இருந்தா நான் நம்பமாட்டேன், மூணும் ஒண்ணா திரும்பி இருக்கு, இதுக்கு மேல ருஜுவு வேணாம் என்றார். வண்டியை லாரியில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோய்விட்டார். லாரி கிளம்பியபோது வெங்கடசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நெழலு காட்டி பொழைக்கறது கூத்தாடிங்க வேலெ, சரி, பொண்ணை ரெடியா இருக்கச் சொல்லுங்க என்றார். இப்போது நினைத்தால் அந்தக் கடைசி வார்த்தை என் காதில் எரிகிறது, அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்காவில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு வந்தார். மங்கை பூவை வாங்கி வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், பெட்டியைத் தொடவில்லை. வண்டி அசலுன்னு தெரிஞ்சதும் என்னெ இட்டுகினு போக வந்திருக்கீங்க, நாளைக்கி இன்னொருத்தரு வந்து அது போலின்னு சொன்னா மறுபடியும் பஸ்ஸு ஏத்துவீங்களா என்று கேட்டாள். முனிகிருஷ்ணன், எங்க நைனா சொன்னாரு, நானு இன்னா செய்ய என்றார். அவரு சொன்னாருன்னு ஏத்துனீங்க, அவரு சொன்னாருன்னு ஜட்கா எட்தாந்தீங்க, உங்களுக்கா எப்ப தோணுதோ அப்ப வாங்க, சோறு ஆக்கி வெக்கறேன், துன்னுட்டு பேசலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், புத்தி சொல்லி அனுப்பி வைக்க வேண்டியவன் நான்தானே. நான் எழுந்து மாப்பிள்ளையை ஜட்கா வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். இதையும் தப்பான பக்கம் நின்றுதான் பார்க்கிறேனோ என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் தெரியவில்லை. உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. மங்கை பேசுகிறாள்.

இரும்பு உலையில் வேலை செய்துவிட்டு வெளியே பனியில் தலையை மூடாமல் போகாதே, இருமல் இருந்தால் அசட்டை செய்யாதே. உன் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, அவளுக்குத் தனியாக எழுது, மங்கைக்கும் எழுது. லீவில் வந்தால் திருப்பதியில் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வா, முன்னால் நின்று பார். ஒன்றை மட்டும் மறக்காதே. வெங்கடசாமிக்கு மறுபடி எழுதத் தோன்றினால் என் புத்தியைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதிக்கொள். உன் தங்கையைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதாதே. உனக்குச் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன், கோபம் தீராமலே ஆசீர்வதிக்கிறேன், அது பலிக்கும்.

இப்படிக்கு,
உன் நைனா
பாலையா