நஜ்ரானிலிருந்து ஷரூராவுக்கு

கல்முனைக்குடி
12.02.1984

மகன் ஜவுபருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் சுகம், சவூதியில் நஜ்ரானில் நீயும் அப்படியே இருக்க எங்கள் துஆ. எழுத்தைப் பார், இது கடைச் சாலிஹின் கை இல்லை, என் சொந்தக் கை. பள்ளிவாசலில் முதியோர் வகுப்பு தொடங்கினார்கள், இந்த வயதில் போய்ப் படித்துவிட்டேன். ஒரு வரி எழுதி முடிக்க ஒரு வாய் வெற்றிலை தீர்ந்துவிடுகிறது, ஆனாலும் என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இதுவரை நான் சொல்லச் சொல்ல சாலிஹ் எழுதினான், பிறத்தியான் முன்னால் பெற்ற மகனை எப்படி ஏசுவது, அதனால் உனக்கு இனிப்பான கடிதங்களாகவே வந்தன. இனி அந்தக் கூச்சம் இல்லை.

வெள்ளாமை வெட்டு தொடங்கிவிட்டது, சாகாமத்து வயல் இம்முறை நல்ல விளைச்சல். உன் தங்கை சுஹறாவுக்கு ஆண் பிள்ளை. உன்னோடு வேலை செய்கிற பாண்டிருப்பு மேசன் சாமித்தம்பி லீவில் வந்திருக்கிறான், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தான். போன வருஷம் உன் தம்பி காலிதீன் ஷரூராவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போய்ப் பார்க்கச் சொல்லி உனக்கு எழுதினோம். ஷரூரா எங்கேயோ கிடக்கிறது வாப்பா, நடுவில் முழுக்க மணல், போக வழியில்லை என்று நீ பதில் போட்டாய். நானும் நம்பி, என் மூத்தவன் தவிக்கிறான், வழிதான் இல்லை என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொன்னேன். உம்மா தம்பியின் காலுக்காக அழுததை விட உன் தவிப்புக்காக அழுததுதான் அதிகம்.

சாமித்தம்பியிடமும் அதையே சொன்னேன். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நஜ்ரானிலயும் பிளேன் இறங்குது, ஷரூராவிலயும் இறங்குது காக்கா, ஏறினா ஒரு மணித்தியாலம் வராது, கல்முனையில பஸ் ஏறி அக்கரைப்பத்தில இறங்குற நேரந்தான் என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். நான் போனனே காக்கா, நம்மட ஊர்ப் பொடியன் தனியக் கிடக்கிறான் எண்டு போய்க் கஞ்சி குடுத்திட்டு வந்தன், ஜவுபரையும் கூப்பிட்டன், அவருக்கு அண்டைக்கு கிரிக்கட் மெச் என்றான். வகுப்பு மாஸ்டர் தேசப்படத்தில் இரண்டு ஊரும் இருக்கும் இடத்தைக் காட்டினார். என் பெருவிரலை வைத்தேன், இரண்டும் மறைந்துவிட்டன.

உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்கென்று அவள் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டித் தந்தாள், அதைக் காலிதீனிடம் கொடுக்கச் சொல்லிச் சாமித்தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன், வழி தெரிந்தவன் அவன்தானே. இன்னொரு காரியம். நான் கண்ணை மூடினால் என் மௌத்தை அறிவிப்பதற்கும் சாலிஹிடம் ஏற்பாடு சொல்லிவிட்டேன். காலிதீனுக்குத் தந்தி. உனக்குச் சாதாரணத் தபால், நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்குக் கிட்ட வந்து சேரும். தூரம் அல்லவா.

உன் பிள்ளைகளும் உன்னைப் போல வரவேண்டும் என்று துஆக் கேட்க நினைத்தேன், அந்த அளவுக்கு எனக்குக் கல்நெஞ்சம் இல்லை. அல்லாஹ் உனக்கு ஆயுளும் சுகமும் தரட்டும். தொழுகையை விடாதே, வெயிலில் தலையை மூடு. அழுது கடிதம் போடாதே, நான் வாசிக்கமாட்டேன். தம்பி இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறானாம். காக்கா ஜவுபர் வந்து பார்த்தார் என்று அவன் கையால் ஒரு வரி வரட்டும், அதை நானே வாசித்த பிறகு சாலிஹிடம் உனக்கும் தந்தி என்று மாற்றிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற வாப்பா
மீ. அப்துல் கபூர்