இரும்புவாயனுக்கு ஒரு மகள்

வெண்ணந்தூர்
12.7.2024

அன்புத் தோழி தனாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ? உன் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்கு வேலைக்குப் போய், நீங்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போன ஒரு வருடத்தில் நீ போட்டது இரண்டே கடிதம். போனில் பேசலாம்தான். ஆனால் எங்கள் போன் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இதை அவர் எதிரில் பேச முடியாது.

கதையில் வரும் கெட்டவனே தன் கதையைச் சொல்வதுபோல் எழுதி வரச் சொன்னார் தமிழய்யா. நான் நம் இரும்புவாயனை எடுத்துக்கொண்டேன். கிணறுகளையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கும் ராட்சசன். ஏழாம் வகுப்பில், புளியமரத்தடியில் நீ சொல்லச் சொல்ல நீள நோட்டில் நான் எழுதினேனே, அந்தக் கதை.

"எனக்கும் தாகம்" என்று தொடங்கினேன். அவன் காட்டு நிலத்திலும் மரவள்ளி வாடிக் கிடந்தது. அவன் மனைவியும் குடத்தோடு அலைந்தாள். மூன்று பக்கம் ஓடிய பிறகு பேனா நின்றுவிட்டது. நான் எழுதிக்கொண்டிருந்தது என் அப்பாவை.

எங்கள் காட்டில் ஆழ்துளைக் கிணறு போட ரிக் வண்டி வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? எண்ணூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. நாம் இருவரும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் ஆடினோம். "போதுஞ் சாமி, சளி புடிச்சுக்கும்" என்று உன் அம்மாகூடச் சிரித்தார். பத்தாம் நாள் பக்கத்துக் காட்டில் உங்கள் கிணற்று மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. எல்லாரும் வறட்சி என்றார்கள். நானும் நம்பினேன். நாம் ஆடியது உங்கள் தண்ணீரில், தனா.

அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். நோட்டைத் தேடி எடுத்தேன். 'இரும்புவாயனுக்கு ஒரு மகள் இருந்தாள்' என்ற உன் வரியை நான் அடித்திருக்கிறேன். "ராட்சசனுக்கு எதுக்குடி மவ?" என்று கேட்டதும் நினைவு வந்தது. நீ அடுத்த வரிக்குப் போய்விட்டாய்.

உனக்கு அப்போதே தெரியுமா?

உன் மைதிலி

வெண்ணந்தூர்
9.8.2024

அன்புள்ள தனா,

தபால்காரரைத் தினமும் கேட்கிறேன். கோபமென்றால் கோபத்தையாவது எழுது.

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். "எங்காட்டுலதான போர் போட்டேன், தப்பா சாமி? தப்பில்லீன்னுதான் நெனைக்கறேன். ஆனா அவிய ஊட்டு முன்னால நடக்கக் காலே வரமாட்டேங்குது. வாய்க்காலச் சுத்தித்தான் காட்டுக்குப் போறேன்" என்றார்.

அது ஒரு மைல் சுற்று. இத்தனை நாளும் நடைப்பயிற்சி என்றே நினைத்திருந்தேன்.

அடித்த வரியை மீண்டும் எழுதித்தான் ஐயாவிடம் கொடுத்தேன்.

மைதிலி

சேலம்
27.8.2024

மைதிலி,

கோபமில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்போதே தெரியும். உன்னிடம் சொன்னால் நீ எங்கள் வீட்டுக்கு வரமாட்டாய் என்று பயந்தேன். அதனால் கதையாகச் சொன்னேன். சொல்லும்போதே மனசு கேட்கவில்லை. ஒரு மகள் இருந்தால் கதையின் கடைசியில் இரும்புவாயனைக் கொல்ல முடியாதில்லையா? அதற்காகத்தான் அந்த வரி. நீ அடித்துவிட்டாய். நாம் அவனைக் கொன்றுவிட்டோம். அன்று நீ கைதட்டினாய். நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

நோட்டைப் பத்திரமாக வை. கடைசிப் பக்கத்தை வந்து மாற்றி எழுதுகிறேன். எப்போது என்று கேட்காதே.

உன் அப்பாவை இனி எங்கள் வீட்டு வழியாகவே நடக்கச் சொல். அங்கே இப்போது யாரும் இல்லை.

தனப்பிரியா